வாராக் கடன்

ஆளுக்கு ஐம்பது வெள்ளி போட்டோம்,
நான், ருபேந்திரன், கூ சின் யீ, ஹஸ்லினா.
பாடத்தின் பெயரில் 'அனுபவம்' என்ற சொல் இருந்தது.
அதற்கு முப்பது மதிப்பெண்.
ஓர் இரவு ஒரு கடை போட வேண்டும்,
பிறகு என்ன உணர்ந்தோம் என்று
ஐந்நூறு சொல்லில் எழுத வேண்டும்.

ஆயர் ஈத்தாமில் செவ்வாய்ச் சந்தை.
காலுறை விற்பவளுக்கும்
கைப்பேசி உறை விற்பவனுக்கும் நடுவே
எட்டடித் தார்ச்சாலை, நாற்பது வெள்ளி வாடகை.
கஸ்தூரி எலுமிச்சைச் சாறு,
மேலே உப்புக் காய்ந்த ஆசாம்போய் ஒன்று மிதக்கும்,
கோப்பை மூன்று வெள்ளி.
என் மடிக்கணினியில் இருநூறு கோப்பையும்
நேற்றே விற்றுத் தீர்ந்திருந்தன.

எலுமிச்சையை எண்ணினோம்.
உறிஞ்சுகுழலை எண்ணினோம்.
பலகையில் எழுத்து கோணலாக இருக்கிறதென்று
இரண்டு முறை அழித்து எழுதினோம்.
சில்லறை கொண்டுவர
நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் வந்தவர் எதிர் அடுக்குமாடியின் காவலாளி,
நேப்பாளத்துக்காரர்,
சீருடையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.
நின்றபடியே குடித்து முடித்து
ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினார்.
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
'மிங்கு டெப்பான்' என்றார், அடுத்த வாரம்,
தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தபடி.
சரி என்றது என் வாய்.

'மொத போணியே கடனா?'
ருபேந்திரன் தலையில் கைவைத்தான்.
பட்டர்வொர்த்தில் அவன் அப்பாவுக்கு மளிகைக் கடை.
போணி என்றால் என்னவென்று
சின் யீக்கு விளக்கியபோது
இழவு சொல்வதுபோல் அவன் குரல் தாழ்ந்தது.
எங்கள் வீட்டிலும் அது உண்டு என்றாள் அவள்,
இன்னும் தாழ்ந்த குரலில்.

எட்டு மணிக்குள் ஐஸ் பாதி தண்ணீராகி
மறுபடி வாங்கினோம்.
ஒன்பதுக்குக் கொடிமலையிலிருந்து மழை இறங்கியது.
அதற்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை.
கூடாரத் துணி எழும்பிப் பறக்கப் பார்த்தது.
காலுறைக்காரி ஒன்றும் பேசாமல்
நான்கு இரும்புக் கவ்விகளைத் தூக்கிப் போட்டாள்.
ஹஸ்லினா மட்டும் நனைந்துகொண்டே கூவினாள்,
தொண்டை கட்டும்வரை,
அதில் விற்றது பதினொன்று.

அறுபத்தொரு கோப்பை.
கைக்கு வந்தது நூற்றெண்பது,
கையை விட்டுப் போனது இருநூற்றைந்து.
இருபத்தைந்து வெள்ளி துண்டு விழுந்தது.
காவலாளியின் மூன்று வெள்ளியை
'வாராக் கடன்' என்று தனி வரியில் ஏற்றினேன்,
பாடநூலில் உள்ள முறைப்படி.
நட்டத்தைப் பற்றி ஐந்நூறு சொல்லுக்கு
நன்றாகவே உணர்ந்திருந்தேன் போலும்,
டாக்டர் ஊய் ஓரத்தில்
'நேர்மையான பார்வை' என்று எழுதி
முப்பதுக்கு இருபத்தாறு போட்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து
கவ்விகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
எங்கள் எட்டடியில் யாரோ சோளம் அவித்துக்கொண்டிருந்தார்.
காலுறைக்காரி இடுப்புப்பையைத் துழாவி
ரப்பர் வளையம் சுற்றிய மூன்று நீலத் தாள்களை எடுத்தாள்.

'போன வாரம் ஜாகா வந்தாரு.
இங்கயே நின்னு தேடுனாரு.
ஒனக்குக் காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன்.'

வாராக் கடன் வந்துவிட்டது.
கணக்கை மூடியாயிற்று, மதிப்பெண் ஏறிவிட்டது,
கோணல் எழுத்துப் பலகை
கல்லூரி மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.
நான்காகப் பிரித்தால் ஆளுக்கு எழுபத்தைந்து காசு.
எழுத எந்த வரியும் திறந்திருக்கவில்லை.
நாங்கள் நால்வரும் சேர்ந்து நடத்தியதைக்
கடை என்று நம்பியவர் அவர் ஒருவர்தான்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
அவள் ஒரு ஜோடி காலுறையை
உதறி, மடித்து, அடுக்கில் வைத்தாள்.

'இந்தக் காய்ச்சல் எத்தன வாரத்துக்கும்மா?
இன்னைக்கும் வருவாரு.'